கிரைண்டர் கம்பெனியின் இட்லி மாவு

இந்தக் கதையில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம். நீங்களும் யாரையும் நம்பாமலே கேளுங்கள்.

கோயம்புத்தூர் கணபதியில் திருமூர்த்தி என்பவர் வெட் கிரைண்டர் கம்பெனி நடத்துகிறார். "கடை மாவு எதற்கு, கல் இருக்கும்போது?" என்பது அவர் கம்பெனியின் விளம்பர வாசகம். ஒருமுறை ஊழியர் ஒருவர் தன் மச்சினன் கல்யாணப் படத்தைக் கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் தவறிப் போட்டுவிட்டார். அதிலிருந்து முதலாளி சூடு கண்ட பூனை ஆகிவிட்டார். யாரும் சொந்த போனிலிருந்து எதையும் போடக் கூடாது. ஆபீசில் பொதுவாக ஒரு டேப்லெட், சுருக்கமாக டேப், இருக்கும். நஸ்ரீன் என்ற பெண் அதில் விளம்பரத்தை எழுத வேண்டும். மேனேஜர் சோலைராஜ் படித்துப் பார்த்து அடியில் சம்மதம் எழுத வேண்டும். சம்மதம் விழுந்ததை ஜெரால்டு அப்படியே பக்கத்தில் ஏற்ற வேண்டும். ஜெரால்டு ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது, சொந்த மூளையை உபயோகிக்கவும் கூடாது. டேபின் பாஸ்வேர்டு முதலாளியையும் சேர்த்து நான்கு பேருக்குத் தெரியும். யார் எழுதினாலும் அதில் பெயர் விழாது.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு ஃபேஸ்புக் பக்கத்தில் புது கிரைண்டரின் படம் வந்தது. மேலே இப்படி ஒரு வரி:

"இட்லி மாவு ரெண்டு பாக்கெட் வாங்கி வைக்கவும். மறக்க வேண்டாம்."

ஒன்பது நிமிடத்தில் அழித்துவிட்டார்கள். அதற்குள் ஊரே சிரித்து முடித்துவிட்டது. திருப்பூர் டீலர் போன் செய்து, கிரைண்டரோடு மாவையும் சேர்த்து அனுப்புவீர்களா என்று விசாரித்தார்.

முதலாளி மூவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். இது போட்டிக் கம்பெனியின் வேலையா, உள்ளே இருந்துகொண்டே யாராவது குழி பறிக்கிறார்களா என்று கேட்டார். அவர் அவ்வளவு சத்தம் போட்டு அதுவரை யாரும் கேட்டதில்லை. ஜெரால்டு, அன்றைய படம் தயாராக இருந்தது, வரிக்குச் சம்மதமும் இருந்தது, புது மாதிரி விளம்பரம் என்று நினைத்து ஏற்றினேன் என்றான். சோலைராஜ் தரையைப் பார்த்தபடி, "அதுக்கு அடியில எழுதினது நான்தாங்கய்யா" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. நஸ்ரீன், அந்த வரி தன்னுடையதே இல்லை என்றாள்.

"எழுதற வேலை உங்களுதுதானுங்களே அம்மிணி? நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்றார் முதலாளி.

அவளுக்கு அது முதல் வேலை, மூன்றாவது மாதம். முதலாளியைக் கேலி செய்தவள் என்ற பெயரோடு வெளியே போனால் வேறு எந்த ஆபீஸ் சேர்த்துக்கொள்ளும்?

பையை எடுக்கப் போனவள் கடைசியாக ஒருமுறை டேபைத் திறந்து பார்த்தாள். முந்தின வாரம் அவள் எழுதியவற்றின் அடியில் சோலைராஜ் எழுதியிருந்தது: "சரிம்மா." "சரி." "சரிம்மா, படத்தை மட்டும் மாத்து." அன்றைய மாவு வரியின் அடியில் ஒரே சொல்: "சரிங்க."

சோலைராஜ் மதுரைக்காரர். கோயம்புத்தூர்க்காரர்கள் கன்றுக்குட்டிக்குக்கூட "ங்க" போடுவார்கள் என்பது ஊர்ப் பேச்சு. இருபது வருஷம் அங்கே இருந்தும் அந்தப் பழக்கம் அவருக்கு ஒட்டவே இல்லை. அவருக்கு நஸ்ரீன் "ஏம்மா", ஜெரால்டு "டேய் தம்பி". நஸ்ரீன் அந்தச் சொல்லை இன்னொரு முறை படித்தாள். பிறகு டேபை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குத் திரும்பினாள்.

இப்போது சொல்லுங்கள்: மாவு வரியை எழுதியது யார்? அது தெரிந்தும் வாய் திறக்காதவர் செய்தது சரியா?

விடை: எழுதியவர் முதலாளியேதான். சோலைராஜ் அந்த ஆபீசில் "ங்க" போடுவது அவர் ஒருவருக்குத்தான். வீட்டுக்கு மாவு வேண்டும் என்று மனைவி போனில் சொல்ல, முதலாளி போகிற போக்கில் மேனேஜருக்காக டேபில் தட்டிவிட்டுப் போனார். வாங்கி வைக்கிறேன் என்ற பொருளில் சோலைராஜ் "சரிங்க" போட்டார். ஜெரால்டு அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான். பக்கத்தில் பார்த்ததுமே முதலாளிக்குத் தன் வரி தெரிந்துவிட்டது. கிரைண்டர்காரர் வீட்டில் கடை மாவு என்று ஊருக்குத் தெரிவதைவிட ஒரு பெண்ணின் வேலை போவது அவருக்கு மலிவாகப் பட்டது. நஸ்ரீன் டேபை மேசையில் வைத்து, "சோலைராஜ் அண்ணன் எனக்கு என்னைக்குங்க சார் 'ங்க' போட்டாரு?" என்று மட்டும் கேட்டாள். முதலாளி வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். நாளைக்கு வந்துவிடச் சொன்னார். இரண்டாவது கேள்விக்கு, படிக்கட்டில் நடந்ததைச் சொன்னாலே போதும். சோலைராஜ் பின்னாலேயே வந்து, "ஐயா வீட்டுச் சங்கதிம்மா, நாலு பேரு முன்னாடி எப்படிச் சொல்றது?" என்றார்.

"எனக்கும் ஒரு வீடு இருக்குதுல்லண்ணே" என்றாள் நஸ்ரீன்.