உஷ்மாரின் காலில் கட்டிய பரிசல்கள்

அரசர்கள் தங்கள் பெயரைக் களிமண்ணில் எழுதி வெயிலில் காயவைத்த காலம் அது. அப்போது இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் நிம்ரா என்றொரு பட்டணம் இருந்தது. அந்த மக்களுக்கு மூன்று பயங்கள். ஆற்றுக்குப் பயம், அரசனுக்குப் பயம், எல்லாவற்றுக்கும் மேலாக உஷ்மாருக்குப் பயம்.

உஷ்மார் யார் என்கிறீர்களா? ஆற்றங்கரையில் நின்ற கருங்கல் சிலை. மூன்று ஆள் உயரம். அதன் மூக்கில் காக்கை உட்கார்ந்தால் பூசாரிதான் ஓடிவந்து விரட்ட வேண்டும். அப்படிப்பட்ட சாமிக்குத்தான் அத்தனை பேரும் நடுங்கினார்கள்.

உஷ்மாருக்கும் நெருப்புக்கும் பகை என்று அவர்கள் நம்பினார்கள். அதனால் சிலை நின்ற பீடத்தில் சூளையில் வெந்த செங்கல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெயிலில் காய்ந்த பச்சை மண்கல்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வெள்ளம் வந்தால் ஒவ்வொரு குடும்பமும் தன் பரிசலில் ஏறி, கயிற்றைச் சிலையின் கால் வளையத்தில் கட்ட வேண்டும். உஷ்மார் பிடித்துக்கொள்வாராம். கட்டாதவனை ஆற்றில் தள்ளிவிடுவார்கள். முன்பு இரண்டு முறை வெள்ளம் வந்து, இரண்டு முறையும் பீடத்தைத் தொடாமலே வடிந்தது. எல்லாம் உஷ்மாரின் தயவு என்றார்கள்.

அந்தப் பட்டணத்தில் மில்காள் என்ற பெண் இருந்தாள். இஸ்ரவேல் தேசத்திலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவள். நாணல் அறுக்கும் உர்காத் அவளை மணந்துகொண்டான். அவர்களுக்கு ஒரே மகள், ஐந்து வயதுத் தீமாள். ஆண்டுதோறும் பீடத்துக்கு மண் பூசுவது சிறைப்பட்ட பெண்களின் வேலை. அந்தக் கல்லின் பலம் என்னவென்று மில்காளின் கைகளுக்குத் தெரியும்.

ஒரு நாள் காலையில் மூன்றாவது வெள்ளம் வந்தது. செத்த மாடுகளையும் வேரோடு பிடுங்கிய மரங்களையும் உருட்டிக்கொண்டு வந்தது. ஊரே பரிசல்களில் ஏறிக் கட்டிக்கொண்டது. உர்காத்தும் கட்டினான். "வேண்டாங்க" என்று மில்காள் கெஞ்சினாள். "கட்டலைன்னா மூணு பேரையும் தள்ளிடுவாங்க" என்றான் அவன். அவன் சொன்னதும் உண்மைதான்.

தண்ணீர் பீடத்தின் முதல் படியைத் தொட்டது. சிலையின் காலைக் கட்டிக்கொண்டு நின்ற பூசாரி இப்பூர், "மாவு கொட்டுங்க!" என்று கத்தினான். கொட்டினார்கள். தண்ணீர் இரண்டாம் படியைத் தொட்டது. "வளையலைக் கழற்றிப் போடுங்க!" போட்டார்கள். தண்ணீர் மூன்றாம் படியையும் தொட்டது. இனிப் போட என்ன இருக்கிறது?

"நம்ம நடுவுல வேற தெய்வத்தைக் கும்பிடுறவ ஒருத்தி இருக்கா" என்றான் இப்பூர். "அவளைத் தள்ளுங்க. தண்ணி இறங்கும்."

எல்லா முகங்களும் மில்காள் பக்கம் திரும்பின. அண்டை வீட்டாரின் முகங்கள்தான். ஆனால் அவற்றில் ஒன்றையும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை. பரிசல் பீடத்தில் மோதியபோது அவள் தண்ணீருக்குள் கையை விட்டாள். பீடத்தின் கல் பிசைந்த மாவு போல அவள் கையோடு வந்தது. அதைக் கணவனிடம் நீட்டினாள்.

"பாருங்க. இதும்மேலதான் அது நிக்குது. அதுல நம்ம பிள்ளையைக் கட்டியிருக்கீங்க."

உர்காத் சேற்றைப் பார்த்தான். சிலையைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். பிறகு நாணல் அறுக்கும் அரிவாளை ஓங்கினான். அம்மாவை வெட்டப் போகிறார் என்று தீமாள் வீறிட்டாள். அரிவாள் கயிற்றில் விழுந்தது.

"கயிறை அறுங்க! எல்லாரும் அறுங்க!" என்று அலறினாள் மில்காள், தன்னைத் தள்ள நினைத்தவர்களைப் பார்த்து.

சிலர் அறுத்தார்கள். பலர் கத்தியைக் கையில் எடுத்தும், உஷ்மார் கோபித்துக்கொள்வாரோ என்று அப்படியே நின்றார்கள். பீடம் கரைந்தது. உஷ்மார் ஒருமுறை சாய்ந்து, முகம் குப்புற ஆற்றில் விழுந்தது. பூசாரியும் அதோடு போனான். கட்டிய பரிசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஆட்களோடு, உள்ளே போயின. ஐயோ, அந்தக் கூக்குரல் நீண்ட நேரம்கூடக் கேட்கவில்லை.

அறுத்துக்கொண்ட பரிசல்களை வெள்ளம் சுழற்றிச் சுழற்றி அடித்து, மாலையில் ஒரு மேட்டில் ஒதுக்கியது. உர்காத் அறுந்த கயிற்றை இன்னும் கையில் பிடித்திருந்தான்.

"உங்க ஆண்டவரோட காலு எங்க இருக்கு, மில்கா? இதை எங்க கட்டணும்?"

மில்காள் அவன் விரல்களைப் பிரித்துக் கயிற்றை எடுத்துக் கீழே போட்டாள். "கட்ட வேண்டாங்க. காலையிலேருந்து அவர்தான் நம்மளைப் பிடிச்சிருக்கார்."

கேட்டவர்களே, இதை மறக்க வேண்டாம்: தான் நிற்கவே மனிதன் கட்டிய மேடை வேண்டியிருக்கும் ஒன்றைத் தெய்வமென்று நம்பி, உயிரை அதன் காலில் கட்டக் கூடாது.