மூஞ்சூறு காதில் ஓடிபி

காங்கயத்துக்குத் தெற்கே ஊமத்தம்பாளையம் என்று ஒரு ஊர். அந்த ஊர்ப் பிள்ளையாருக்கு மணி ஒன்றைத் தவிர வேறு குறை கிடையாது. பழைய மணி விரிசல் விட்டு, அடித்தால் தகர டப்பாவைத் தட்டினாற்போல் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அதுவும் கழன்று விழுந்து, அது தொங்கிய கொக்கி மட்டும் மிஞ்சியது. ஊர்ப் பெண்கள் கோழிமுட்டை விற்ற காசில் வாரா வாரம் கொஞ்சம் ஒதுக்கிப் புது மணிக்குப் பணம் சேர்த்தார்கள். அதைக் கொண்டுபோய்க் கோயில் கமிட்டியிடம் கொடுத்ததுதான் அவர்கள் செய்த தப்பு.

கமிட்டியில் நான்கு பேர். தலைவர் நாச்சிமுத்து யோசிக்காமல் எதையும் செய்யமாட்டார். யோசித்துச் செய்வது அதைவிட மோசமாக இருக்கும். செயலாளர் திருமூர்த்தி, அந்த ஊரில் முதன்முதலாகப் பெரிய போன் வாங்கியவர். பொருளாளர் ஆறுச்சாமிக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் அவர் ரகசியம் பேசினால் பக்கத்துத் தோட்டம் வரை கேட்கும். நாலாவது ஆள் அப்புக்குட்டி, சொன்ன சொல்லைத் தட்டாதவர். நால்வருமே தங்கமானவர்கள். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே செய்கிற மனிதர்களை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மணி வார்க்கும் பட்டறைக்காரர் சொன்ன விலைக்குப் பணம் கொஞ்சம் குறைந்தது. போனில் ஒரு சீட்டாட்ட ஆப் இருக்கிறது, பணத்தை அதில் போட்டால் குறைவது தானாக நிறைந்துவிடும் என்று திருமூர்த்தி சொன்னார். அவர் சொன்னது ஆப்காரர்களின் விளம்பரத்தில் அப்படியே எழுதியிருந்ததால் மற்ற மூவருக்கும் மறுப்பில்லை. பணம் பிள்ளையாருடையது என்பதால் அக்கவுண்டையும் பிள்ளையார் பேரிலேயே ஆரம்பித்தார்கள். பதினெட்டு வயது நிரம்பியவரா என்று ஆப் கேட்டது. நிரம்பிவிட்டது என்று நால்வரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

அடுத்து, பாதுகாப்புக்காகத் தாயார் பெயரைக் கேட்டது. அங்கேதான் விவகாரம் வந்தது.

"பார்வதின்னு போட்டா ஊரு உலகத்துக்கே தெரியுமுங்களே, திருடனுக்குத் தெரியாதுங்களா?" என்றார் அப்புக்குட்டி.

"அதுக்காகச் சாமிக்கு வேற அம்மாளா தேட முடியும்? உள்ளதைப் போடுப்பா" என்றார் நாச்சிமுத்து. போட்டார்கள்.

ஆறுச்சாமியின் மனைவி சரசாத்தாளுக்கு விஷயம் தெரிந்தது. முட்டைக் காசு வசூலை நடத்தியவளே அவள்தான். நேராகக் கோயிலுக்கு வந்து, சதுர்த்திக்குள் மணி வராவிட்டால் மணி தொங்க வேண்டிய கொக்கியில் கமிட்டியைத் தொங்கவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னால் செய்வாள் என்று ஆறுச்சாமிக்கு முப்பது வருஷத்து அனுபவம். அன்று முதல் நால்வருக்கும் தூக்கம் இல்லை. பணம் திருடு போகாமல் காப்பது எப்படி என்பதே ஒரே பேச்சு.

ஆப்பே அதற்கு யோசனைகள் அனுப்பியது. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள், எங்கும் எழுதி வைக்காதீர்கள் என்றது. கோயில் உண்டியலுக்கு நான்கு பூட்டு, ஆளுக்கு ஒரு சாவி. அதே முறையில் பாஸ்வேர்டையும் நாலாகப் பிரித்தார்கள். ஒருவர் தம் பங்கை அடிக்கும்போது மற்ற மூவரும் பிள்ளையாரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். திரையில் புள்ளி புள்ளியாக விழுந்ததே தவிர ஒரு எழுத்தும் தெரியவில்லை. அதைக் கண்டு நாச்சிமுத்துவுக்குப் பரம திருப்தி.

மறுநாள் திறக்கப் பார்த்தால் திறக்கவில்லை. மூவர் தத்தம் பங்கை அடித்துவிட்டார்கள். அப்புக்குட்டி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியாதுங்க. நேத்து கண்ணை மூடிட்டுத்தானுங்க அடிச்சேன்."

"ஏனப்பா மூடுனே?"

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னு போட்டிருந்துச்சுங்க. நானும் ஒரு ஆளுதானுங்களே."

நாச்சிமுத்து வெகுநேரம் யோசித்தார். இதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை, சொல்லப்போனால் மற்ற மூவரும்தான் கவனக்குறைவாக இருந்துவிட்டோம் என்று வருத்தப்பட்டார்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் ஆப் ஒரு ஓடிபி அனுப்பும், அந்த எண்ணை அடித்தால் கதவு திறக்கும். ஆனால் அக்கவுண்டுக்குக் கொடுத்திருந்தது பொருளாளரின் நம்பர் என்பதால் ஓடிபி அவருடைய பழைய போனுக்கு வந்தது, ஆப் இருந்ததோ செயலாளரின் புதுப் போனில். ஆறுச்சாமி வந்த எண்ணைப் படித்தார். அதன் கீழே, இதை யாரிடமும் பகிர வேண்டாம் என்று இருந்ததையும் படித்தார். படித்துவிட்டுப் போனை மடியில் செருகிக்கொண்டார். திருமூர்த்தி கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், மச்சான் முறை வைத்துக் கேட்டுப் பார்த்தார். ஆறுச்சாமி மடியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். வந்த ஓடிபிகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகிக்கொண்டிருந்தன.

வழி கண்டுபிடித்தவர் நாச்சிமுத்து. வேண்டுதல் உள்ளவர்கள் பிள்ளையாருக்கு எதிரே உள்ள கல் மூஞ்சூறின் காதில் அதைச் சொல்வது அந்தக் கோயில் வழக்கம். மூஞ்சூறு மனுஷக் கணக்கில் வராது. எனவே பொருளாளர் அதன் இடது காதில் ஓடிபியைச் சொல்ல வேண்டியது, செயலாளர் தன் பாட்டுக்கு வலது காதுப் பக்கம் நிற்க வேண்டியது. யாரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. ஆறுச்சாமி மூஞ்சூறின் காதில் ரகசியமாக உரைத்தார், கிணற்று மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. கதவு திறந்தது. அன்று முதல் சாயங்காலப் பூஜை முடிந்ததும் இதுவும் ஒரு பூஜை ஆயிற்று.

பொது இடத்தில் ஆப்பைத் திறக்காதீர்கள் என்று இன்னொரு யோசனை வந்தது. கோயில் பொது இடம்தான். ஆகவே நால்வரும் ஒரே கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து ஆடினார்கள். ஆடி மாதக் காற்று வெளியே ஜிலுஜிலுவென்று வீச, உள்ளே வேர்த்து ஒழுகியது. திருமூர்த்திதான் சீட்டு இறக்குவார், மற்றவர்கள் வியர்வையைத் துடைத்துவிடுவார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் குறைந்தது.

"இது திருட்டுங்களா?" என்று அப்புக்குட்டி கம்பளிக்குள் கேட்டார்.

"திருட்டுன்னா நமக்குத் தெரியாமப் போறது. இது நம்ம கண்ணு முன்னாலதானே போகுது" என்றார் நாச்சிமுத்து. அந்த விளக்கத்தில் எல்லாருக்கும் நிம்மதி ஏற்பட்டது.

போன் கவர் விற்க மொபெட்டில் வருகிற ஒரு ஆள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தான். ஆறுச்சாமியின் நம்பரைக் கண்டுபிடிக்க அவன் சிரமப்படவில்லை, நன்கொடைக்காகக் கோயில் சுவரிலேயே பெரிதாக எழுதிவைத்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் பயபக்தியோடு வந்து, எந்தக் காது ராசியானது என்று கேட்டான். வலது காது என்று திருமூர்த்தியே கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, வரிசையில் பின்னால் நின்றார். அவன் தன் போனில் எதையோ அழுத்தினான், ஆறுச்சாமியின் போன் கீச்சிட்டது. ஆறுச்சாமி வழக்கப்படி மூஞ்சூறின் காதில் எண்ணைச் சொன்னார். அவன் விழுந்து கும்பிட்டுவிட்டு மொபெட்டை முறுக்கினான். போகும்போது ஆறுச்சாமிக்கு ஒரு கவரை இலவசமாகக் கொடுத்தான்.

அதன்பின் திருமூர்த்தி அடித்த எண் எடுபடவில்லை. இந்த அக்கவுண்டு வேறொரு போனில் திறந்திருக்கிறது என்று ஆப் சொல்லிவிட்டது. யார் சொல்லியிருப்பார்கள் என்று விசாரணை நடந்தது. நால்வரும் யாரிடமும் சொல்லவில்லை என்று பிள்ளையார் முன் சத்தியம் செய்தார்கள், அது உண்மையும்கூட. மிச்சம் இருந்தது மூஞ்சூறு. அதன் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துத் துணியைச் சுற்றிக் கட்டினார்கள். இனி அதனிடம் எதையும் சொல்வதில்லை என்று தீர்மானம் ஆயிற்று.

திருடனுக்கு அதிலே ஒரு சங்கடம். உள்ளே நுழைந்துவிட்டானே தவிர, பணத்தை வெளியே எடுக்க இன்னொரு ஓடிபி வேண்டும். பேங்கிலிருந்து பேசுவதாக ஆறுச்சாமியைக் கூப்பிட்டான், போலீசிலிருந்து பேசுவதாகக் கூப்பிட்டான். சொந்த மச்சானுக்கே சொல்லவில்லை உனக்கா சொல்வேன் என்று ஆறுச்சாமி போனை வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் அவன் உட்கார்ந்து ஆடினான். ஆட்டம் தெரிந்தவன் போலிருக்கிறது. வாழ்த்துகள், நீங்கள் வென்றீர்கள் என்று ஆறுச்சாமியின் போனுக்குச் செய்தி வந்தவண்ணம் இருந்தது. போன பணம் திரும்பி, மணி விலையையும் தாண்டி, மணியோடு ஒரு குத்துவிளக்கும் வாங்கலாம் என்கிற அளவுக்கு ஏறியது.

கமிட்டி கொதித்துப்போனது. நம் அக்கவுண்டில் எவனோ ஒருவன் நம்மைக் கேட்காமல் ஜெயிப்பதா? ஆப்காரர்களுக்குப் போன் போட்டு நியாயம் கேட்டார்கள். மறுமுனையில் இருந்த பெண் அக்கவுண்டுக்காரரின் தாயார் பெயரைக் கேட்டாள். பார்வதி என்று நால்வரும் கன்னத்தில் போட்டுக்கொண்டே சொன்னார்கள். அக்கவுண்டு திரும்பி வந்தது, திருடன் வெளியே தள்ளப்பட்டான். புதுப் பாஸ்வேர்டையும் பழைய முறைப்படியே அடித்தார்கள், அப்புக்குட்டி இந்தத் தடவை கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டார். வந்த வெற்றிக்கு ஆளுக்கொரு தேங்காய் உடைத்தார்கள்.

பணத்தை எடுத்துப் பட்டறையில் கட்ட வேண்டியதுதான் பாக்கி. எடுக்க ஓடிபி வேண்டும். ஆறுச்சாமிக்கு ஓடிபி வந்தது. மூஞ்சூறின் காதில் பஞ்சு இருந்தது. அவர் யாரிடம் சொல்வார்? போன் மடிக்குள் போயிற்று.

எடுக்கத்தான் ஓடிபி வேண்டும், கதவு திறந்தே இருக்கும்போது ஆடுவதற்குத் தேவையில்லை என்பதை அப்போதுதான் திருமூர்த்தி கவனித்தார். ஒரு திருடனே இவ்வளவு ஜெயித்தான் என்றால் நேர்மையான நாலு பேர் எவ்வளவு ஜெயிக்கலாம் என்று கேட்டார். ஆடியே பார்த்துவிடலாம் என்று கம்பளியை எடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் பணமெல்லாம் போய், கடைசியாக ஒரு ஆட்டத்துக்கான காசு மட்டும் நின்றது. அது திருட்டுப் போகவில்லை என்பதை மறுபடி ஒருமுறை உறுதி செய்துகொண்டார்கள்.

அப்போதுதான் ஆறுச்சாமி அழுதார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. விடிந்தால் சதுர்த்தி, வீட்டில் சரசாத்தாள் கயிற்றுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் திருடரு கையில இருந்தப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு. நாமதான் புடுங்கிட்டோமுங்க" என்றார் அப்புக்குட்டி.

நாச்சிமுத்து யோசித்தார். காலையில் பஸ் நிறுத்தத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் இருந்தது. நான்கு பேரும் கைகூப்பி நிற்கிற படம், அதன் கீழே இப்படி எழுதியிருந்தது: "பெருமதிப்புக்குரிய திருடர் அவர்களே, எங்கள் அக்கவுண்டை மீண்டும் திருடித் தருமாறு அன்புடன் வேண்டுகிறோம். பாஸ்வேர்டு: ••••••••. இவண், கோயில் கமிட்டி." திரையில் எப்படித் தெரிந்ததோ அப்படியே, ஒரு புள்ளி குறையாமல் அச்சடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

ஜெயித்த பணம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்ற நினைப்பில் கவர்காரன் வந்தேவிட்டான். கோயில் வாசலில் அவனுக்கு மாலை போட்டுப் பரிவட்டம் கட்டினார்கள். பின்னால் சரசாத்தாளும் பெண்களும் கயிற்றோடு நின்றார்கள். கயிற்றையும் கொக்கியையும் பார்த்ததும் அவனுக்கு நிலவரம் புரிந்துவிட்டது. ஆப்பைத் திறந்து, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பதை அழுத்தினான். ஆறுச்சாமியின் மடியில் போன் கீச்சிட்டது.

ஆறுச்சாமி எண்ணைப் படித்தார், கீழே இருந்ததையும் படித்தார்.

"சொல்லித் தொலையுங்க மாமா" என்றாள் சரசாத்தாள், கயிற்றில் சுருக்குப் போட்டுக்கொண்டே.

ஆறுச்சாமி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தாமே போய்க் கொக்கிக்கு நேர் கீழே நின்றார். திருடனை வணங்கினார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. இந்த ஊர்லயே உங்க மேலதான் எனக்கு நம்பிக்கை. ஆனா ஓடிபி யாருக்கும் சொல்றதில்லீங்க."