நூற்றில் எத்தனை பேர்

செங்கமலத்தம்மையின் ஆசிரமம் நகரத்துக்குப் போகும் சாலையோரம் இருந்தது. மலைக்கிராமத்து ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகப் பேருந்து மாறும் இடம் அது. வெயிலுக்கு உள்ளே வந்து மோர் குடித்துவிட்டுப் போவார்கள்.

அம்மைக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய சீடர் சோலையப்பனுக்கு அறுபத்து மூன்று. புள்ளியியல் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற பிறகு வந்து சேர்ந்தவர்.

அந்த ஆண்டு நகரத்தின் மூன்று ஆஸ்பத்திரிகளும் தங்கள் விவரங்களை வெளியிட்டன. எத்தனை பேருக்கு ஆபரேஷன் நடந்தது, எத்தனை பேருக்குத் தையல் சீழ் பிடித்தது, எத்தனை பேர் இறந்தார்கள். சோலையப்பன் எல்லாவற்றையும் ஒரு பலகையில் பெரிய எழுத்தில் எழுதி, மோர்ப்பானைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சீழ் பிடித்தது, ரயிலடி ஆஸ்பத்திரியில் நூற்றில் ஒருவருக்கு. சந்தைப்பேட்டையில் மூன்று பேருக்கு. அரசு ஆஸ்பத்திரியில் ஐந்து பேருக்கு.

மூன்று மாதம் போயிற்று. மோர் குடித்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள். பிறகு, வீட்டிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்களோ அங்கேயே போனார்கள். ஒருவர் மச்சான் சொன்ன இடத்துக்கு. ஒருத்தி மூத்த பிள்ளையைப் பெற்ற இடத்துக்கு. இன்னொருவர், பேருந்து வாசலிலேயே நிற்கிறது என்பதற்காக.

சோலையப்பனுக்கு மனம் ஆறவில்லை.

"அம்மா, உயிர் விஷயம். உண்மையைக் கண்ணு முன்னால எழுதி வெச்சிருக்கேன். ஏன் யாரும் அதை எடுத்துக்க மாட்டேங்கிறாங்க?"

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"எனக்குக் கர்ப்பப்பையில கட்டி இருக்கு. எடுத்தாகணும்னு டாக்டர் சொல்லிட்டார். எங்க போகட்டும்?"

சோலையப்பன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"எப்போ தெரிஞ்சது?"

"செவ்வாய்க்கிழமை. எங்க போகட்டும், சொல்லுங்க."

ரயிலடி என்று சொல்ல வாயெடுத்தார். நூற்றில் ஒருவர். அந்த ஒருவர் யார்?

"ரெண்டு நாள் குடுங்கம்மா" என்றார்.

மறுநாள் காலையிலேயே நகரத்துக்குப் போனார். ரயிலடி ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸைப் பிடித்துக் கேட்டார்.

"கர்ப்பப்பைக் கட்டி வருஷத்துக்கு எத்தனை எடுப்பீங்க?"

"ஏழெட்டு இருக்கும் சார். இங்க பெரும்பாலும் கண்ணு, குடலிறக்கம்தான்."

ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு நூற்றுக்கு இத்தனை என்று சொல்ல முடியாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தைந்து வருஷம் அந்த வேலைதான் பார்த்தார். பலகை எழுதியபோது மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

சந்தைப்பேட்டையில் டாக்டர்கள் வெளியூரிலிருந்து வந்தார்கள். யார் வருவார் என்பது அன்றைக்குத்தான் தெரியும் என்றார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் பர்வீன் பானுவைப் பார்க்க மூன்று மணி நேரம் காத்திருந்தார். டாக்டர் டிபன் டப்பாவைத் திறந்தபடியே பதில் சொன்னார்.

"போன வருஷம் கர்ப்பப்பைக் கட்டி மட்டும் என் கையில நூத்தி அறுபது பேர். ஆறு பேருக்குச் சீழ் பிடிச்சது. ஒருத்தங்க இறந்துட்டாங்க."

டப்பாவை மூடி வைத்தார்.

"பவுனுத்தாய்னு பேரு. ரத்தம் ரொம்பக் கொறஞ்சு வந்தாங்க. தாங்கல."

சோலையப்பன் எழுதிக்கொள்ளவில்லை. எழுந்து கும்பிட்டுவிட்டு ஆசிரமத்துக்குத் திரும்பினார்.

"அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்மா."

"பலகையில அதுதானே கடைசி?"

"ஆமா. எல்லாருக்கும் சேர்த்துப் பார்த்தா அதுதான் கடைசி. இந்தக் கட்டிக்கு அங்கதான் பழகின கை இருக்கு."

"எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றீங்களா?"

"சொல்ல முடியாது. நான் கூட இருப்பேன்."

அம்மை மாற்றுச் சேலைகளை எடுத்து வைத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. தையலைப் பிரித்துப் பார்த்தார்கள். சீழ்.

சோலையப்பன் அன்று சாப்பிடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தப்பான இடத்தைச் சொல்லிட்டேன்மா."

"நூத்தி அறுபதுல ஆறு பேருன்னு நீங்கதானே கேட்டுட்டு வந்தீங்க? இந்த வருஷம் அதுல நானும் ஒருத்தி." அம்மை வலியோடு சிரித்தார். "வெந்நீர் கொண்டாங்க. நாக்கு வறண்டுபோச்சு."

தினமும் கட்டுப் பிரித்துக் கட்டினார்கள். பர்வீன் பானு காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வந்து பார்த்தார். புண் மெல்ல ஆறியது. மூன்றாவது வாரம் அம்மை ஆசிரமத்துக்குத் திரும்பினார்.

அடுத்த திங்கட்கிழமை நடுப்பகலில் சோலையப்பன் அம்மையின் அறைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"அந்தப் பலகையை அழிச்சிடட்டுமா?"

"எதுக்கு? அதுல பொய் இருக்கா?"

"பொய் இல்ல."

"அப்போ?"

"போதலம்மா. இப்பக்கூட ஒரு பொண்ணு மோர்ப்பானைகிட்ட உட்கார்ந்திருக்கா. மடியில ஸ்கேன் கவர். பலகையை ரெண்டு தரம் படிச்சா. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. இவ்வளவு எழுதியும் அவளுக்கு என்ன பிரயோசனம்னு தெரியல."

"கூட யார் வந்திருக்கா?"

"யாரும் இல்ல. தனியாத்தான் வந்திருக்கா."

"அப்புறம் ஏன் இன்னும் என்கிட்ட நிக்கிறீங்க?"