முப்பது எண்ணும் வரைக்கும்

மூக்கன்குளத்தில் சாமி பல்லக்குத் தூக்குகிறவர்கள் பதினாறு பேர். அறுவடை மூட்டை சுமந்ததில் அவர்களில் மூன்று பேருக்கு இடுப்பு ஜவ்வு விலகிவிட்டது: முன்தண்டுக்காரர் ஒச்சப்பன், அவர் பின்னால் தோள் கொடுக்கும் சடையாண்டி, இருவருக்கும் தலையாட்டும் மொக்கைச்சாமி.

ஒச்சப்பனுக்கு வலிகூடப் பெரிதில்லை. இருபத்திரண்டு வருஷமாகத் தன் தோளில் இருந்த தண்டு வேறொருவன் தோளுக்குப் போய்விடுமே என்பதுதான் கவலை.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். “ஜவ்வு விலகினா இடுப்புத் தசை சொன்னபடி கேக்காது. அதான் தடுமாறுது. தினமும் முப்பது எண்ணுற வரைக்கும் ஒத்தக் கால்ல நில்லுங்க. வெள்ளிக்கிழமை பாப்பேன். முப்பது நிக்கிறவங்கதான் ஞாயித்துக்கிழமை பல்லக்குத் தூக்கணும்.”

வெளியே வந்ததும் ஒச்சப்பனுக்குச் சந்தேகம்.

“ஒத்தக் கால்ல நிக்கச் சொன்னாங்க, சரி. என்ன வேணும்னு நிக்கிறது? அதைச் சொல்லலியே.”

“அதானே,” என்றார் சடையாண்டி. “என் மச்சினன் மோட்டார் சைக்கிள் வேணும்னு பத்து நாள் ஒத்தக் கால்ல நின்னான். பாதி நாள் கட்டில்ல படுத்துக்கிட்டுதான் நின்னான்.”

“படுத்துக்கிட்டு நிக்கலாமா மாமா?” என்றான் மொக்கைச்சாமி.

“இடுப்புக்கு அதுதான்டா நல்லது.”

ஒச்சப்பன் வீட்டுக்குப் போய்ப் படுத்து, “கருவாட்டுக் குழம்பு வேணும்” என்று எண்ண ஆரம்பித்தார். நான்கிலேயே மனைவி பேச்சியம்மா, “சரி, வைக்கிறேன்” என்றுவிட்டாள். மிச்சம் இருபத்தாறு வீண்.

மூவரும் கூடிப் பேசி, லேசில் கிடைக்காததைத்தான் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். சடையாண்டி இரண்டாம் கல்யாணம் கேட்டார். பதினொன்றில் அகப்பை பறந்து வந்தது. மொக்கைச்சாமி வீட்டில் மறுக்க ஆளில்லை. தானே கேட்டு, தானே மாட்டேன் என்றான். பத்தொன்பதில் அவனுக்கே மனசு இளகிவிட்டது.

ஒச்சப்பன் யானை கேட்டார். பேச்சியம்மா முப்பத்தொரு தரம் “போய்யா” என்றாள். ஒன்று கூடுதல், அது சாமிக்கு.

வெள்ளிக்கிழமை வந்தது. “நில்லுங்க, பாப்போம்,” என்றார் டாக்டரம்மா.

ஒச்சப்பன் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்தார். “யானை வேணும்.”

“என்னது?”

“யானைதான் வேணும்.”

“ரெண்டு,” என்று எண்ணினார் சடையாண்டி.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, “இங்க பாருங்க, இப்படி” என்று இடது காலைத் தூக்கி நின்றார். மூவரும் எண்ணினார்கள். முப்பது வந்தது. அவர் ஆடவில்லை, அசையவில்லை.

“ஒண்ணுமே கேக்காம நிக்கிறாங்க மாமா,” என்றான் மொக்கைச்சாமி மெதுவாக.

“இப்பப் புரிஞ்சுதா?” என்றார் டாக்டரம்மா.

“புரிஞ்சுதும்மா,” என்றார் ஒச்சப்பன். “நான் ரெண்டுதான்.”

ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டுமேளத்தோடு பல்லக்கு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. முன்தண்டில் ஓரிடம் காலி. ஒச்சப்பன் தன் இருபத்திரண்டு வருஷத் தோள்துண்டை நாலாக மடித்து டாக்டரம்மாவிடம் நீட்டினார்.

“முப்பது நின்னது நீங்க ஒருத்தர்தான். எந்தத் தோளும்மா வசதி?”