புலவர் வீட்டு முகடு

தமிழ் முழுவதும் தன் பெட்டிக்குள் இருக்கிறது என்ற நினைப்பு, அகராதி எழுதும் ஆளவந்தார் புலவருக்கு.

அவர் வீட்டுக்குக் கீற்று வேய வந்த வெள்ளையம்மா, "ரெண்டு பக்கமும் வேஞ்சாச்சு சாமி. இனி முகடு மூடுறதுதான் பாக்கி" என்றாள்.

தெருவே கேட்கும்படி சிரித்தார் புலவர். "மலைக்குத்தான் முகடு உண்டு. வீட்டுக்கு ஏது? இவள் வாயில் தமிழ் படும் பாட்டைப் பாருங்கள்!"

வெள்ளையம்மா கூனிக் குறுகி இறங்கி, ஓரமாக நின்றாள்.

சற்று நேரத்தில் மழை கொட்டியது. கூரை உச்சி வழியே தண்ணீர் இறங்கி, பத்து வருஷம் எழுதிய அகராதி நனைந்தது. புலவர் வெளியே ஓடி வந்து அலறினார்: "வெள்ளையம்மா, ஓடி வா! முகட்டை மூடு!"

"எந்த மலையிலே சாமி?"

தெருவே சிரித்தது. அவள் கீற்றோடு ஏறினாள். புலவர் குனிந்த தலை நிமிராமல் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.