புல்டோசரின் நெற்றி

"அம்மா, வெள்ளி தவறாமப் பூஜை பண்றேன். சூடம் காட்டுறேன். அந்த வண்டி ஏன் எனக்கு மட்டும் திரும்ப மாட்டேங்குது?"

ஆவுடையப்பன் வந்து இப்படிக் கேட்டபோது மங்கையம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

மலை மடத்துக்குத் தலைவி அவர். கீரை ஆய்வதற்கென்று தனியாக ஆள் வைத்துக்கொள்ளவில்லை.

"திரும்பலேன்னா?"

"நேராப் போகுது. பின்னாலயும் வருது. எந்தப் பக்கத்து லீவரை இழுக்கிறேனோ அந்தப் பக்கம் திரும்பணும். திரும்பலை. நேத்து மாட்டுக்கொட்டகைச் சுவரு போச்சு."

"மாடு?"

"தப்பிச்சிருச்சு. அதுக்குத் திரும்பத் தெரியுது."

அம்மா சிரித்துவிட்டார். ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அது ராணுவத்தில் பாதை வெட்டுகிற பிரிவில் இருந்த புல்டோசர். வயதாகிவிட்டது என்று ஏலத்தில் விட்டார்கள். ஒரு பக்தர் எடுத்து மடத்துக்குக் கொடுத்தார். சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயின், முன்னால் பெரிய பிளேடு, பச்சை உடம்பு. லாரியிலிருந்து அது இறங்கிய அன்று மலையே கூடி நின்று பார்த்தது. யானை என்று பேரும் வைத்துவிட்டது.

ஆவுடையப்பன் காவி கட்டுவதற்கு முன் லாரி ஓட்டியவர். அம்மாவைவிட மூத்தவர். அதனால் அம்மா அவரை அண்ணாச்சி என்பார். யானை அவர் பொறுப்பு.

அதற்கு ஒரு வேலை காத்துக் கிடந்தது.

மடத்துக்கு மேலே பாதை வளைகிற இடத்தில் மண் சரிந்து கிடந்தது. சரிவுக்கு அந்தப் பக்கம் மேலூர். மேலூரில் வெள்ளத்தாயி.

வெள்ளத்தாயிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை கீழே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்தால்தான் உயிர். முன்பெல்லாம் வீட்டு வாசலுக்கு ஜீப் வரும். இப்போது நாற்காலியில் மூங்கில் கட்டி, சரிந்த மண்ணின் மேல் ஆள் தூக்கி வருகிறார்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்த மண்ணில் கால் ஊன்ற முடியாது.

ஐப்பசி இதோ என்று நின்றது.

அன்றைக்கும் அவளைத் தூக்கி வந்தார்கள். மடத்து வாசலில் நாற்காலியை இறக்கிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்.

"என்ன சாமியாரே, ஒம்ம யானை எந்திச்சிட்டா?" என்றாள் வெள்ளத்தாயி.

"எந்திச்சிட்டும்மா. திரும்பத்தான் மாட்டேங்குது."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். போனா நேராத்தான் போவாரு. எதுக்கால செவரு இருந்தாலும் சரி."

வீட்டுக்காரர்தான் நாற்காலியின் முன்மூங்கிலைச் சுமந்து வந்தவர். "கொஞ்சம் சும்மா இரு தாயி. எனக்கே மூச்சு வாங்குது," என்றார்.

"பாத்தீரா? சீக்கிரம் ஒரு வழி பண்ணும் சாமியாரே. சாகப் பயமில்லை எனக்கு. இவுக கீழ போட்டுருவாகளோன்னுதான் பயம்."

தூக்கியவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தோள் மாற்றி நாற்காலியைத் தூக்கினார்கள். அவள் போகிற வரைக்கும் ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டே நின்றார். மூங்கில் பதிந்த தோள்கள் சிவந்திருந்தன.

அம்மா மறுபடி கீரையை எடுத்தார்.

"புத்தகம் இருக்குல்ல, அண்ணாச்சி?"

இருந்தது. அதைக் கண்டுபிடித்ததே ஒரு தவம். ஏலம் விட்டவர்களிடம் கேட்டார். வண்டியோடு புத்தகம் வராது என்றார்கள். பழைய இரும்புக்கடைகளில் ஏறி இறங்கினார். எடைக்குப் போட்ட பேப்பர் கட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். கடைசியில் கோயம்புத்தூரில் குணசீலன் என்று ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுவாத்தான் இருக்கும்" என்று ஒன்றை அனுப்பி வைத்தார். அட்டைப் படமும் யானையும் ஒரே அச்சு.

ஆவுடையப்பன் அதை மஞ்சள் துணியில் சுற்றி வைத்தார். குளித்துவிட்டுத்தான் பிரிப்பார்.

"புத்தகத்துல ஒரு எழுத்து மீறலை அம்மா. அது வர்ற வரைக்கும் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கலை. முதல்ல புத்தகம், அப்புறம்தான் வண்டின்னு இருந்தேன்."

"அதுல என்ன போட்டிருக்கு?"

"சீட்டுக்குப் பின்னால ஒரு பெட்டி. திரும்புறதுக்கான கிளட்ச் அதுலதான் இருக்கு. அது காய்ஞ்சு கிடக்கணும், உள்ள எண்ணெய் தெரிஞ்சா எங்கேயோ கசியுது, வடிச்சிடுன்னு போட்டிருக்கு. திறந்தேன். நிறைய எண்ணெய். எங்கே கசியுதுன்னு தேடினேன். கசிவே இல்லை. சரின்னு சொட்டு விடாம வடிச்சிட்டேன்."

"இந்தப் புத்தகம் இந்த வண்டிக்குன்னு யார் சொன்னா?"

"படமே சொல்லுதே."

"நானும் என் தங்கச்சியும் படத்துல ஒரே மாதிரிதான் இருப்போம். அவளுக்குக் குடுத்த மருந்தை நான் குடிக்கலாமா?"

அம்மா ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"சுபேதார் வேற ஒண்ணும் கேக்கலையா?"

"வண்டியோட நம்பர் கேட்டாரு. ஒரு தகட்டுல வெட்டியிருக்கும்னாரு. தலை முதல் கால் வரைக்கும் தேடிட்டேன் அம்மா. இல்லை. ஏலத்துல எவனோ பிடுங்கியிருப்பான்."

அம்மா கீரைத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

"ஒரு வாளி வெந்நீர் கொண்டாங்க. கொஞ்சம் தேங்காய் நாரும்."

யானை கொட்டகையில் நின்றது. காலையில்தான் பூஜை முடிந்திருந்தது. செம்பருத்தி மாலை வாடக்கூட இல்லை.

பிளேடுக்குப் பின்னால், முகம் மாதிரி இருக்கிற இரும்புச் சட்டத்தின் நடுவில், பொட்டு. அது பொட்டு என்கிற அளவைத் தாண்டிப் போயிருந்தது. சந்தனத்தின் மேல் குங்குமம், குங்குமத்தின் மேல் சந்தனம், நடுவில் மேலூர்ப் பெண்கள் அப்பிய மஞ்சள். பழசைத் துடைத்துவிட்டுப் புதுசு வைக்கிற வழக்கம் மடத்தில் கிடையாது. இட்டதை அழிக்கக் கூடாது என்பார்கள். மேலேயே இடுவார்கள்.

ஏலத்திலிருந்து வந்த அன்றே அங்கே பொட்டு இருந்தது. ராணுவத்துப் பிள்ளைகளும் ஆயுத பூஜை கும்பிட்டவர்கள்தானே.

அம்மா நாரை வெந்நீரில் முக்கினார்.

ஆவுடையப்பன் குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"அம்மா! வெள்ளிக்கிழமை அதுவுமா? குங்குமத்தை அழிக்கலாமா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். அவர் நெற்றியில் திருநீறு மட்டும்தான். பொட்டு கிடையாது.

"என் நெத்தியிலயும்தான் அழிச்சாங்க அண்ணாச்சி. அடியில நான் இருந்தேன்."

ஆவுடையப்பன் விலகிக்கொண்டார்.

பிறகு அம்மா கையிலிருந்த நாரை வாங்கித் தாமே தேய்த்தார்.

முதலில் சிவப்பாகத் தண்ணீர் வழிந்தது. பிறகு மஞ்சளாக. பிறகு பழைய பச்சைப் பெயிண்ட் செதில் செதிலாக வந்தது. அதற்கும் அடியில் இன்னொரு பொட்டு.

அதற்கு அடியில் பித்தளை.

உள்ளங்கை அகலத் தகடு. வரிசையாக எழுத்தும் எண்ணும் வெட்டியிருந்தது. ஆவுடையப்பன் விரலை வைத்துத் தடவித் தடவிப் படித்தார்.

அங்கேயே நின்று சுபேதாருக்குப் போன் போட்டார். சத்தம் அம்மாவுக்கும் கேட்டது.

"சாமி, இது பிந்தி வந்த மாடல் வண்டிங்க! நான் அனுப்பினது முந்தின மாடலுக்கு. வெளியே பார்க்க ஒண்ணுதான், உள்ளே வேற. நான்தான் நம்பர் பார்க்காம அனுப்பிட்டேன், தப்பு என் பேர்ல. பின்னால இருக்கிற பெட்டியில எண்ணெய் இருக்குதுங்களா?"

"இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா?"

"வடிச்சிட்டேன்."



"சாமி, இந்த வண்டிக்குக் கிளட்ச் எண்ணெயிலதான் முங்கி நிக்கணும். அந்த எண்ணெய் தள்ளினாத்தான் லீவருக்கே பலம். வடிச்சிட்டு ஓட்டினீங்களா?"

"சுவரு வரைக்கும்."

"என்ன சுவருங்க?"

"மாட்டுக்கொட்டகை."

சுபேதார் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "கருகின வாடை வந்ததுங்களா?"

"லேசா."

"லேசான்னா அந்தச் சுவருக்கு ஒரு கும்பிடு போடுங்க. அதுதான் உங்க கிளட்சைக் காப்பாத்தியிருக்கு. நம்பர் கிடைச்சிருச்சில்ல, இனிக் கவலையில்லை. இந்த வண்டிக்கான புத்தகம் வச்சிருக்கிற ஆள் எனக்குத் தெரியும். பக்கம் பக்கமாப் படம் பிடிச்சு அனுப்பச் சொல்றேன்."

அனுப்பினார்கள். ஆவுடையப்பன் இந்த முறை மஞ்சள் துணியைத் தேடவில்லை. முதல் பக்கத்தில் இருந்த எண்ணையும் தகட்டில் இருந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் அடுத்த பக்கம் போனார்.

சொன்ன எண்ணெயை வாங்கி, சொன்ன கோடு வரைக்கும் ஊற்றினார். லீவரைச் சரி பார்த்தார். மடத்து முற்றத்தில் ஓட்டினார்.

திரும்பியது. இடப்பக்கம் திரும்பியது, வலப்பக்கம் திரும்பியது. மாடுகூட நின்று பார்த்தது.

வெள்ளத்தாயி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. விடியும்போதே மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது.

யானை மலை ஏறியது. அம்மாவும் பின்னாலேயே நடந்து போனார்.

வளைவு வந்தது. பாதை அங்கே இடது கைப்பக்கம், மலையை ஒட்டி மடங்கும். மடங்கின உடனே மண்சரிவு. மடங்காமல் நேரே போனால் பள்ளம்.

ஆவுடையப்பன் வண்டியை நிறுத்திவிட்டார்.

சரிவுக்கு அந்தப் பக்கம் நாற்காலியை இறக்கி வைத்துக்கொண்டு மேலூர்க்காரர்கள் காத்திருந்தார்கள். வெள்ளத்தாயியின் முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் வீங்கவில்லை.

"சாமியாரே, மழை வருதுவே! யானையை மலை ஏத்திட்டு அங்க நின்னு என்ன ஜோசியம் பாக்கீரு?"

அம்மா கிட்டே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"முற்றத்துல திரும்புச்சு அம்மா."

"ஆமா, பார்த்தேனே."

"முற்றத்துல பள்ளம் கிடையாது."

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செயினில் கால் வைத்து ஏறினார். சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தட்டில், பள்ளத்துப் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"இறங்குங்க அம்மா. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா மடம்?"

"எண்ணெய் பார்த்தீங்களா?"

"காலையில பார்த்தேன். கோட்டுல நிக்குது."

"நம்பர்?"

"அதே நம்பர்."

"புத்தகம்?"

"இந்த வண்டிக்கு உள்ளதுதான்."

"அப்புறம்?"

"பயமா இருக்கு அம்மா."

"எனக்கும்தான் இருக்கு," என்றார் அம்மா. ஆனாலும் இறங்கவில்லை.

முதல் தூறல் சூடான இரும்பில் விழுந்து சுர்ரென்றது.

ஆவுடையப்பன் வண்டியை கியரில் போட்டார். யானை முன்னே நகர்ந்தது. பள்ளம் பக்கத்தில் வந்தது. அவர் கண்ணை மூடினார். இரண்டு கைகளும் லீவரை விட்டு மேலே எழுந்து, நெஞ்சுக்கு நேரே குவிந்தன.

"ஈசுவரா!"

அம்மா அந்தக் கைகளைப் பிடித்துப் பிரித்தார். ஒன்றை இடது லீவரில் வைத்தார். ஒன்றை வலது லீவரில் வைத்தார்.

"இப்போ கும்பிடுங்க," என்றார்.

ஆவுடையப்பன் கண்ணைத் திறந்து, இடது கையை இழுத்தார்.

யானை மலையைப் பார்த்துத் திரும்பியது.