துறைமுகத்திலிருந்து வந்த இட்லி

முன்னொரு காலத்தில் கொற்றங்குடி நாட்டை உத்தண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி நாள் கோபித்துக்கொள்வதிலும் மீதி நாள் சமாதானமாவதிலும் அவனுக்குப் பொழுது போய்விடும். நாட்டை நடத்தியவர் மந்திரி பூவராகர்.

ஆற்றுக்கு அக்கரையில் ஐந்து சிற்றரசர்கள் கூடி ஒரே சந்தை நடத்தினார்கள். இக்கரை உப்பும் துணியும் படகேறி அங்கே போகும். அக்கரைப் பாலும் கீரையும் வெற்றிலையும் விடியுமுன் இங்கே வந்து இறங்கும். ஒருநாள் அவர்கள் விருந்துக்குப் போன ராஜா, முகம் சிவந்து திரும்பினான்.

"அந்த ஐந்து பேரும் உயரமாக உட்கார்ந்திருக்க, எனக்கு ஒரு குட்டைப் பலகை! சோறும் என் மூக்கும் ஒரே மட்டத்தில் இருந்தன. இனி அவர்களோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. படகுத்துறையை மூடுங்கள்!"

மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண்வைத்திருந்த சண்பகராயன் துள்ளி முன்னே வந்தான்.

"போனால் போகட்டும், மகாராஜா! கடல் கடந்தால் பவளத்தீவு. பட்டு, கற்பூரம், பீங்கான், எதுதான் அங்கே இல்லை? எல்லாவற்றையும் அங்கிருந்தே வரவழைப்போம். தூரமெல்லாம் ஒரு பொருட்டா?"

"பால்?" என்று கேட்டார் பூவராகர்.

"அதுவும் வரும்!"

"சபாஷ்!" என்றான் ராஜா. "மந்திரியாரே, பௌர்ணமிக்குக் கப்பல் புறப்படுகிறது. தூதராக நீரே போய்ப் பேசி முடித்து வாரும்."

பூவராகர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பரிசலில் ஏறினாலே தலைசுற்றுகிற மனிதர் அவர். போய்வர வருஷக்கணக்காகும். அதற்குள் அக்கரைச் சந்தையை நம்பியிருக்கும் உப்பளத்துக் குடும்பங்கள் என்ன ஆகும்? ஆனாலும் எதிர்த்துப் பேசினால் ராஜா இன்னும் முறுக்கிக்கொள்வான் என்று அவருக்குத் தெரியும். "உத்தரவு" என்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலை ராஜா இலைமுன் உட்கார்ந்தான். இலை காலியாக இருந்தது.

"பலகாரம் எங்கே?"

"வந்துகொண்டிருக்கிறது, மகாராஜா," என்றார் பூவராகர். "நம் சமையற்காரன் நேற்றுக் குழம்பில் உப்பைக் கூட்டிவிட்டான். அவன் கையால் தாங்கள் இனிச் சாப்பிட்டால் தங்கள் மானம் என்ன ஆவது? அரண்மனை மடைப்பள்ளியைப் பூட்டிவிட்டேன். துறைமுகத்தில் கெட்டிக்காரச் சமையற்காரர் இருக்கிறார். நேற்றே ஆள் அனுப்பிவிட்டேன்."

"துறைமுகம் ஒரு பகல் தூரமாயிற்றே!"

"தூரமெல்லாம் ஒரு பொருட்டா, மகாராஜா?"

ராஜா சண்பகராயனைப் பார்த்தான். அவன் வேறு வழியில்லாமல் தலையாட்டினான். நேற்றுச் சபாஷ் போட்ட வாயால் இன்று மறுத்துப் பேச ராஜாவுக்குக் கூச்சமாக இருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தான்.

பொழுது சாயும்போது மேளதாளத்தோடு பலகாரப் பல்லக்கு வந்தது. பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் சபையே மூக்கைப் பிடித்துக்கொண்டது. சட்னி ஊசிப்போயிருந்தது. ராஜா கோபத்தில் ஓர் இட்லியைத் தூணில் வீசினான். அது உடையாமல் உருண்டு அவன் காலடிக்கே திரும்பி வந்தது.

பசி தாங்காமல் ராஜா கூடவே வந்திருந்த ஊறுகாயை எடுத்து நக்கினான். "இது மட்டும் நன்றாக இருக்கிறதே!"

"இருக்கும், மகாராஜா. கெடாத பண்டம் எங்கிருந்தும் வரும். பவளத்தீவுப் பட்டுத்துணியையும் கற்பூரத்தையும் தாராளமாக வாங்குவோம். ஆனால் இட்லிக்கும் பாலுக்கும் பக்கத்தில்தான் போகவேண்டும்."

"அப்படியானால் என் மானம்? அந்தக் குட்டைப் பலகை?"

"விருந்துக்குப் போகிறவர் தம் பலகையைத் தாமே கொண்டுபோவது ஆற்றங்கரை வழக்கம். அந்த ஐவரும் அப்படித்தான் கொண்டுவந்தார்கள். தங்கள் பலகையைச் சுமந்துவந்தது யார் என்று விசாரியுங்கள்."

எல்லார் தலையும் சண்பகராயன் பக்கம் திரும்பியது.

"அவசரத்தில்... பூஜையறையில் விளக்கு வைக்கிற பலகையை எடுத்துவந்துவிட்டேன்," என்று அவன் முனகினான். "சொன்னால் மகாராஜா கோபிப்பீர்களே என்று..."

ராஜா கொஞ்சநேரம் உறுமினான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிப் பூவராகர் கழுத்தில் போட்டான். "முதலில் மடைப்பள்ளியைத் திறவும், அப்புறம் படகுத்துறையைத் திறவும்! கப்பலில் சண்பகராயர் போவார். தூரம் அவருக்குத்தானே பொருட்டில்லை. உட்கார அந்தக் குட்டைப் பலகையையும் கொடுத்தனுப்புங்கள்."

பௌர்ணமியன்று கப்பல் புறப்பட்டது. கரை கண்ணுக்கு மறைந்ததும் சண்பகராயன் தன் பலகையில் உட்கார்ந்து, "சோற்றுக்குத் தயிர் எங்கேப்பா?" என்று கேட்டான்.

மாலுமி நாலாபக்கமும் கடலைப் பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்டிலே கேட்டுப் பாருங்க, ஐயா," என்றான்.